ஒரு சொல்லுக்குள் எத்தனை நாடு?

ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகளிடம் 'கண்ட்ரி' என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்டால், கேட்ட மாத்திரத்தில் 'நாடு' என்று விடை வரும். அவ்விடையில் பிழையில்லை. அவ்விடையோடு பாடம் முடிந்துவிட்டதென ஆசிரியரும் பெற்றோரும் எண்ணிவிடுகின்றார்களே, பிழை அங்கேதான் தொடங்குகிறது. ஒரு மொழியின் சொல்லுக்கு எதிரே மற்றொரு மொழியின் சொல்லை வைத்து, இரண்டுக்கும் இடையே சமக்குறி இட்டுவிடுவது எளிது. ஆனால் அவ்விரு சொற்களும் வெவ்வேறு குடும்பத்தில் பிறந்தவை. வெவ்வேறு ஊர்களில் வளர்ந்தவை. வெவ்வேறு தொழில் செய்து பிழைத்தவை. ஓரிடத்தில் அவை சந்தித்துக் கைகுலுக்குகின்றன என்பதனால் இரண்டும் ஒன்றாகிவிடா.

இதனை மெய்ப்பிக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குச் சென்றால் போதும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், ஒன்றன்பின் ஒன்றாக நாடுகள் வரும். வாழவந்தி நாடு, சேளூர் நாடு, அரியூர் நாடு, ஆலத்தூர் நாடு, குண்டூர் நாடு, தேவானூர் நாடு என்று அவை தொடரும். அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் அமைந்த பகுதி வளப்பூர் நாடு. இந்த நாட்டுக்கு அரசனும் இல்லை, படையும் இல்லை, நாணயமும் இல்லை. மலைச் சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் சிலவற்றின் தொகுதியே ஒரு நாடு. இன்றைய அரசாங்கக் கணக்கில் அஃது ஓர் ஊராட்சி. 'கண்ட்ரி' என்றால் நாடு, நாடு என்றால் 'கண்ட்ரி' என்று மனனம் செய்த பிள்ளை, வளப்பூர் நாடு என்னும் பெயர்ப்பலகையை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் என்ன எழுதுவான்? நகைப்புக்குரிய வினாவாகத் தோன்றினும், இதே வினா நகைப்புக்கு இடமில்லாத இடங்களிலும் எழுந்துள்ளது என்பதனைக் காட்டவே இக்கட்டுரையை எழுதலானோம்.

இலக்கணம் காட்டும் வழி

ஒரு சொல் பல பொருள் குறிப்பது குறையென்று நம் முன்னோர் கருதவில்லை. அதனை ஓர் ஒழுங்காகவே கண்டு இலக்கணம் வகுத்தனர். பல பொருள் குறித்த ஒரு சொல்லைத் தொல்காப்பியர் இருவகையாகப் பிரிக்கின்றார். உடன்வரும் வினைச்சொல்லால் பொருள் தெளிவாவது ஒரு வகை. வினை வந்தும் தெளிவாகாதது மற்றொரு வகை. 'மா பூத்தது' என்றால் மாமரமென்று சிறுவனும் அறிவான். 'மா ஓடியது' என்றால் விலங்கென்று அறிவான். 'மா வீழ்ந்தது' என்றாலோ மரமா, குதிரையா என்று முன்னும் பின்னும் பார்த்தே துணிய வேண்டும். இவ்வகைச் சொற்களின் பயன் கருதியே நிகண்டு செய்த புலவர்கள் அவற்றுக்கெனத் தனித் தொகுதி ஒன்றையே ஒதுக்கினர். திவாகரத்திலும் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டிலும் பதினோராம் தொகுதி அதற்கென்றே அமைந்தது.

அரபு மொழியிலும் இந்நெறியே உண்டு. ஒரு சொல் பல பொருளுக்குப் பொதுவாய் நிற்பதனை 'முஷ்தரக்' என்பர். 'ஐன்' என்னும் ஒரு சொல்லே கண், நீரூற்று, ஒற்றன், பொன் எனப் பல பொருள் தரும் என்பது மதரஸா மாணவர் முதலில் கேட்கும் எடுத்துக்காட்டு. திருக்குர்ஆனில் ஒரே சொல் இடத்துக்கு இடம் எவ்வெப் பொருளில் வருகின்றது என்பதனைத் தொகுத்துக் கூறும் நூல்வகை மிகப் பழையது; ஹிஜ்ரி 150இல் மறைந்த முகாதில் இப்னு ஸுலைமான் இத்துறையில் நூல் செய்தவர். பல பொருள்களுள் ஒன்றைத் தேர்வதற்குத் துணைநிற்கும் சார்பினை அரபு இலக்கணத்தார் 'கரீனா' என்பர். தமிழ் உரையாசிரியர்கள் இனம், சார்பு, இடம் என்று கூறுவதும் இதுவே.

சொல்லின் பொருள் பண்டிதர் சர்ச்சைக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு ஒரு சான்று போதும். தலாக் பெற்ற பெண் எவ்வளவு காலம் இத்தா இருக்க வேண்டும் என்னும் சட்டத்தில் 'குர்உ' என்னும் சொல் வருகின்றது. அச்சொல் மாதவிடாயையும் குறிக்கும். இரு விடாய்களுக்கு இடைப்பட்ட தூய்மைக் காலத்தையும் குறிக்கும். ஹனஃபி இமாம்கள் முன்னதைக் கொண்டனர். ஷாஃபிஈ இமாம்கள் பின்னதைக் கொண்டனர். ஒரு சொல்லின் பொருளில் ஏற்பட்ட வேறுபாட்டினால், ஒரு பெண்ணின் இத்தா முடியும் நாளே மாறுகின்றது. சொல்லை ஆராய்வது வாழ்வை ஆராய்வது என்று நாம் கூறுவது இதனாலேதான்.

கப்பலேறி வந்த சொல்

இனி ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். 'கண்ட்ரி' என்பது லத்தீன் மொழியில் 'எதிரே' என்று பொருள்படும் சொல்லிலிருந்து தோன்றிப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கண்ணெதிரே விரிந்து கிடக்கும் நிலம் என்பதே அதன் முதற்பொருள். அங்கிருந்து அது பல கிளைகளாகப் பிரிந்தது. ஒரு கிளை அரசும் எல்லையும் கொண்ட தேசம் என்றாயிற்று. மற்றொரு கிளை நகரத்துக்கு மாறான நாட்டுப்புறம் என்றாயிற்று. இன்னொரு கிளை மக்களையே குறித்தது. ஆங்கிலேயப் பிரதமர் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டுத் தேர்தலைச் சந்திப்பதனை 'கண்ட்ரியிடம் செல்லுதல்' என்பது அவர்கள் வழக்கு. அவர் எந்தக் கிராமத்துக்குப் புறப்பட்டார் என்று நம் மாணவன் கேட்பானாகில், அவனைக் குறைகூறிப் பயனில்லை.

இச்சொல் இந்தியாவுக்குக் கப்பலேறி வந்தபோது ஒரு புதிய பொருளைப் பெற்றது. கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆசியத் துறைமுகங்களுக்கிடையே நடைபெற்ற வாணிகத்தைக் 'கண்ட்ரி வாணிகம்' என்றனர். இங்குள்ளோர்க்கு உரிய மரக்கலங்களைக் 'கண்ட்ரிக் கப்பல்' என்றனர். சோழமண்டலக் கரையிலும் மன்னார் வளைகுடாக் கரையிலும் வாழ்ந்த நம் மரக்காயர் வணிகர்களின் கப்பல்கள் இவ்வாறே அவர்கள் ஏடுகளில் வழங்கப்பட்டன. யூல், பர்னல் என்னும் இரு அறிஞர்கள் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் சொற்களஞ்சியம் இதனைப் பதிவு செய்துள்ளது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்தவர். நம் மண்ணை அறிந்தவர். ஐரோப்பாவிலிருந்து வரும் சரக்கிலிருந்து இந்தியச் சரக்கைப் பிரித்துக் காட்டவே 'கண்ட்ரி' என்னும் அடைமொழி வழங்கிற்று என்றும், அதில் சற்றே இழிவுக் குறிப்பும் கலந்திருந்தது என்றும் அந்நூல் ஒளிவுமறைவின்றிக் கூறுகின்றது. ஆளவந்தவன் நாவில் 'இவ்விடத்துப் பொருள்' என்பதே 'மட்டமான பொருள்' என்றாகிவிட்டது.

நம் மொழியிலும் இதன் சுவடு பதிந்துள்ளது. நாட்டுச் சரக்கு, நாட்டு வெடிகுண்டு, நாட்டுத் துப்பாக்கி என்பனவற்றில் அந்த இழிவு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. நாட்டு ஓட்டுக்கு எதிரே சீமை ஓடு, நாட்டுப் பசுவுக்கு எதிரே சீமைப் பசு என்று எதிர்ச்சொல்லும் அமைந்தது. இந்தச் 'சீமை'யின் கதையும் வியப்புக்குரியது. வடமொழியில் எல்லை என்று பொருள்படும் சொல் தமிழில் ஒரு நிலப்பகுதியைக் குறித்து, சிவகங்கைச் சீமை, இராமநாதபுரம் சீமை என்று வழங்கிப் பின்னர் கடலுக்கு அப்பால் உள்ள இங்கிலாந்துக்கே பெயராயிற்று. மண்ணெண்ணெய் சீமையெண்ணெய் ஆனதும் அவ்வாறே.

ஆயினும் சொல்லின் செல்வாக்கு ஒரே நிலையில் நிற்பதன்று. நாட்டுக்கோழியும் நாட்டுச் சர்க்கரையும் இன்று கடைத்தெருவில் உயர்ந்த விலைக்கு விற்கின்றன. 'நாட்டு' என்னும் அடைமொழியே அங்கு நற்சான்று. இராமேசுவரம் முதலிய கரையோர ஊர்களில் நாட்டுப்படகு மீனவர், விசைப்படகு மீனவர் என்னும் பிரிவு இழிவையோ உயர்வையோ குறிப்பதில்லை. தொழிலின் முறையையே குறிக்கின்றது. அரபு நாடுகளுக்குச் சென்று பணியாற்றிய நம் சகோதரர்கள் ஒன்றை எளிதில் நினைவுகூர்வர். எகிப்தியர் நாட்டுக்கோழியை 'பலதீ'க் கோழி என்கின்றனர். 'பலத்' என்னும் அரபுச் சொல்லின் அடியாகப் பிறந்ததே அது. கண்ட்ரி, நாடு, பலத் ஆகிய மூன்று சொற்களும் கோழியிடத்தில் வந்து ஒன்றுபட்டு நிற்கின்றன!

ஆனால் கோழியிடத்தில் ஒன்றுபட்டவை ஏனை இடங்களில் பிரிந்துவிடுகின்றன. திருக்குர்ஆனின் 90ஆம் அத்தியாயத்தின் பெயர் 'அல்பலத்'. அங்கே அச்சொல் மக்கமாநகரைக் குறிக்கின்றது. ஆகவே அதனைத் தமிழில் நகரம் என்பதே பொருந்தும். வளைகுடா நகரங்களில் நகராட்சிக்குப் 'பலதிய்யா' என்று பெயர். அதே பலத் இக்கால அரபு நாளேடுகளில் தேசம் என்னும் பொருளிலும் வருகின்றது. நாளேட்டில் கண்ட பொருளை எடுத்துச் சென்று வேதவாக்கில் பொருத்துவோன் வழிதவறுவான்.

நாடு என்பது எது?

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி 'நாடு' என்பதற்குப் பொருள்களை அடுக்கித் தருகின்றது. ஆனால் அகராதி அடுக்கித் தருமேயன்றி, இவ்விடத்தில் இதனைக் கொள்க என்று நமக்குச் சொல்வதில்லை. அதனை உடன்வரும் சொல்லே சொல்ல வேண்டும்.

காட்டுக்கு எதிரே நிற்கும்போது நாடு என்பது மக்கள் குடியேறி உழுது பயிரிட்ட நிலம். நகரத்துக்கு எதிரே நிற்கும்போது அது நாட்டுப்புறம். சேரநாடு, சோழநாடு, பாண்டிநாடு என்னுமிடத்து அஃது அரசனின் ஆட்சிப்பரப்பு. சோழர் கல்வெட்டுகளிலோ, ஊர்கள் பல சேர்ந்த சிறு வேளாண் வட்டாரத்துக்கு நாடு என்று பெயர். அவ்வட்டாரத்தின் பொதுக் காரியங்களை நடத்தியோர் நாட்டார் எனப்பட்டனர். நாடுகள் பலவற்றைச் சேர்த்து வளநாடு என்னும் பெரும் பிரிவினை இராஜராஜ சோழன் அமைத்தான். ஆகவே ஒரு நாட்டுக்குள் பல நாடுகள் இருப்பதில் பண்டைத் தமிழனுக்கு முரண்பாடே தோன்றவில்லை. வினையாக வரும்போது நாடுதல் என்பது விரும்பித் தேடிச் செல்லுதலாம். திருவள்ளுவர் 74ஆம் அதிகாரத்தில் நாட்டின் இலக்கணம் கூறுகையில் இவ்விரு பொருளையும் ஒருங்கே வைத்து நயம் காட்டியிருப்பதைக் கற்றோர் அறிவர்.

இவற்றுள் கல்வெட்டுக் காலத்துப் பொருளே கொல்லிமலையில் இன்றும் உயிரோடு வாழ்கின்றது. சமவெளியில் நாடுகள் வட்டங்களாகவும் பிர்க்காக்களாகவும் மாறி, ஒரத்தநாடு போன்ற ஊர்ப்பெயர்களில் மட்டும் எஞ்சி நின்றன. மலையில் அவ்வாறில்லை. நீலகிரியில் படகர்களும் தொதநாடு, மேக்குநாடு, குந்தெநாடு, பொரங்காடு என்று தம் நிலத்தை நான்காகப் பகுத்து வழங்குகின்றனர். வளப்பூர் நாடு என்னும் பெயரைக் கேட்டு நகைப்போர், தாம் மறந்துவிட்ட ஒரு பழம்பொருளை மலைவாழ் மக்கள் மறவாது காத்து வருகின்றனர் என்பதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி நகைப்புக்கு இடமில்லாத இடத்துக்கு வருகின்றோம். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்ட வேண்டுமென்னும் கோரிக்கையை முன்வைத்து உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13இல் உயிர்நீத்தார். 1967 ஜூலை 18இல் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறி, 1969 ஜனவரி 14இல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அரைநூற்றாண்டு கடந்து 2023 ஜனவரியில், தமிழகம் என்பதே பொருத்தமான பெயர் என்று மாநில ஆளுநர் பேசியதும், எதிர்ப்பு எழுந்ததும், பெயரை மாற்றுமாறு தாம் கூறவில்லை என்று அவர் விளக்கம் அளித்ததும் வாசகர்கள் அறிந்தனவே. அவ்வமயம் நடைபெற்ற வாதங்களுள் ஒன்று நம் கருத்தை ஈர்த்தது. நாடு என்றால் 'கண்ட்ரி'. கண்ட்ரி என்றால் தனித்தேசம். ஆகவே தமிழ்நாடு என்பது தனித்தேசம் என்று ஒலிக்கின்றது என்பதே அவ்வாதம்.

அரசியலில் எப்பக்கமும் சார்ந்து எழுதுவது நம் நோக்கமன்று. சொல்லாராய்ச்சி என்னும் அளவில் மட்டும் கூறுவோம். அவ்வாதம் தமிழ்ச் சொல்லைத் தமிழில் படிக்கவில்லை. அதனை ஆங்கிலத்துக்கு ஏற்றி, ஆங்கிலத்தில் உள்ள பல பொருள்களுள் ஒன்றை மட்டும் பொறுக்கி, அதனைத் திரும்பவும் தமிழின் தலையில் இறக்கிற்று. இதற்கு விடையாக வளப்பூர் நாடு ஒன்றே போதும். கொல்லிமலை ஓர் ஊராட்சி ஒன்றியம். அவ்வொன்றியத்தில் ஊராட்சிகள் பதினான்கு. பதினான்கின் பெயரும் நாடு என்றே முடிகின்றன. ஓர் ஒன்றியத்துக்குள் பதினான்கு நாடுகள்! அவ்வொன்றியம் உடைந்துவிடும் என்று எவரும் அஞ்சியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

நடுநிலை தவறாதிருக்க மறுபக்கத்தையும் கூற வேண்டும். விவாதச் சூட்டில், நாடு என்பது நிலப்பகுதியையே குறிக்கும், ஆட்சியை ஒருகாலும் குறிக்காது என்று வாதிடுவோரும் உண்டு. அதுவும் முழு உண்மையன்று. மூவேந்தர் நாடுகள் ஆட்சிப்பரப்புகளே. இந்தியாவை நம் நாடு என்று அன்றாடம் கூறுகின்றோமே, அதுவும் தமிழ்தான். ஒரு பொருளைக் கைக்கொண்டு மற்றவற்றை மறுப்பவர் எப்பக்கத்தில் நின்றாலும், சொல்லுக்கு இழைப்பது அநீதியே. இச்சொல் சிற்றூர்த் தொகுதியையும் குறிக்கும்; மாநிலத்தையும் குறிக்கும்; பெருந்தேசத்தையும் குறிக்கும். எங்கே எதனைக் குறிக்கின்றது என்பதனைக் கரீனா காட்டும்.

வதன் என்பது நாடா, ஊரா?

நம் வீடுகளில் நாள்தோறும் பயன்படும் ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவோம். 'வதன்' என்னும் அரபுச் சொல்லுக்கு இக்கால அகராதிகள் தாய்நாடு என்று பொருள் காட்டும். தவறில்லை. 1826 முதல் 1831 வரை பாரிஸில் தங்கிக் கற்றுத் திரும்பிய எகிப்திய அறிஞர் ரிஃபாஆ அத்தஹ்தாவீ போன்றோர், ஐரோப்பியர் கூறும் தாய்நாடு என்னும் கருத்துக்கு இச்சொல்லையே எடுத்தாண்டனர். அது முதல் அப்பொருள் வேரூன்றிற்று. ஆனால் அதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஃபிக்ஹு நூல்களில் வதன் என்பது ஒருவன் பிறந்து வளர்ந்த, அல்லது குடும்பத்தோடு நிலையாகக் குடியமர்ந்த ஊரையே குறிக்கின்றது. ஹனஃபி நூல்கள் வதனை மூவகையாக்கும். நிலையான சொந்த ஊர் 'வதன் அஸ்லீ'. பதினைந்து நாளோ அதற்கு மேலோ தங்க நிய்யத்துச் செய்த இடம் 'வதன் இகாமத்'. அதனினும் குறைந்து தங்கும் இடம் 'வதன் ஸுக்னா'.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் பார்த்து, வதன் அஸ்லீ என்பதனைத் தாய்நாடு என்று எழுதிவிட்டால் என்ன நேரும்? ஆம்பூரைச் சேர்ந்த வணிகர் ஒருவர் மூன்று நாள் அலுவலாக டில்லி செல்கின்றார். தாய்நாட்டில்தானே இருக்கின்றோம் என்று கருதி, லுஹரையும் அஸரையும் இஷாவையும் நான்கு ரக்அத்தாகவே தொழுவார். அவர் சார்ந்த ஹனஃபி மத்ஹபிலோ பயணி கஸ்ர் செய்வது வாஜிபாகும். ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்த்தமையால் ஒருவருடைய தொழுகையே முறைமாறிவிடுகின்றது. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை சென்றாலும் அவர் முஸாஃபிர் ஆகமாட்டார் என்னும் விந்தையான முடிவு அம்மொழிபெயர்ப்பில் அடங்கியுள்ளது. மறுதலையாக, நாடு என்னும் சொல்லைக் கொண்டே கணக்கிட்டால், நாமக்கல்லிலிருந்து வளப்பூர் நாட்டுக்குச் செல்வோர் வேற்று நாடு புகுந்தவராகிவிடுவர்! அவ்வழித்தொலைவோ நம் உலமாக்கள் கணக்கிட்டுக் கூறிவந்த நாற்பத்தெட்டு மைலைக்கூட எட்டாது.

ஆகவே ஃபிக்ஹில் வரும் வதனுக்குத் தமிழ் 'சொந்த ஊர்' என்பதே. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் சபர் செய்த நம் மக்கள், 'ஊருக்குப் போகிறேன்' என்று சொல்லும்போது எந்த உணர்வோடு சொல்லினரோ, அந்த உணர்வே பழைய வதனில் அடங்கியுள்ளது. நாட்டுப்பற்று ஈமானைச் சார்ந்தது என்னும் கருத்துப்பட மேடைகளில் நபிமொழியாக எடுத்தாளப்படும் ஒரு வாசகம் உண்டு. ஹிஜ்ரி 902இல் மறைந்த ஹதீஸ் அறிஞர் இமாம் ஸகாவீ (ரஹ்), அதன் கருத்து சரியாயினும் அதற்குத் தமக்கு மூலம் கிட்டவில்லை என்று எழுதினார். பிற்கால அறிஞர் சிலர் அங்கே வதன் என்பது மக்காவையோ மறுமை வீட்டையோ குறிக்கலாமென்றும் விளக்கினர். சொல்லின் வரலாற்றை அறியாது மேடையேறுவோர், ஸனதிலும் இடறுவர், பொருளிலும் இடறுவர்.

சீறாவின் நாட்டுப்படலம்

இச்சொல்லாராய்ச்சி நம் இலக்கியத் திறனாய்வுக்கும் உதவும். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் நாட்டுப்படலம் என்று ஒரு படலம் உண்டு. அதில் அரபு மண்ணில் மழை பொழிந்து, வெள்ளம் பெருகி, வயல்கள் விளைந்து செழிப்பதனைக் கண்டு, 'பாலைவனத்தில் நெல் விளைந்ததா?' என்று வினவுவோர் பலர். மக்கமாநகர் பயிரில்லாப் பள்ளத்தாக்கில் அமைந்தது என்பதனை மதரஸாவின் முதல் வகுப்பு மாணவனும் அறிவான், உமறு அறியாதிருப்பாரா?

வினா எழுப்புவோர் நாட்டுப்படலம் என்பதில் உள்ள நாட்டை நிலநூல் கூறும் நாடாகக் கொண்டனர். காப்பிய மரபில் நாடு என்பது அதுவன்று. மலையில் பெய்த மழை ஆறாகி, ஆறு வயலாகி, வயல் வாழ்வாகும் ஒழுங்கினையே தமிழ்க் காப்பியம் நாடு என்கின்றது. காட்டுக்கு எதிராய் நிற்கும் நாடு அது. பெருமானார் (ஸல்) அவர்கள் அவதரித்த மண்ணை நாடு என்று தமிழில் சொன்ன அக்கணமே, உழவும் நீரும் அச்சொல்லோடு கூடவே வந்துவிடுகின்றன. அவற்றை விலக்கிவிட்டுக் காப்பியப் புலவர் ஒருவர் நாட்டுப்படலம் பாடுதல் அன்று இயலாது.

இவ்வாறு கூறுவதனால் உமறுவின் நாட்டுப்படலத்தில் குறையே இல்லை என்பது நம் கருத்தன்று. அரபு மண்ணுக்கே உரிய அழகு என ஒன்று உண்டு. பேரீச்சந்தோப்பும், கிணற்றைச் சுற்றிக் கூடும் கூடாரங்களும், இரவில் நடக்கும் ஒட்டகக் கூட்டமும், தாயிஃபின் குளிர்ந்த தோட்டங்களும் தமிழுக்குப் புதுச்செல்வம் ஆகியிருக்கும். மரபுச் சொல் ஒன்று, புலவரின் கண்ணைத் தன் பழைய வயலின் பக்கமே திருப்பி வைத்தது. உமறு அரபு மண்ணைத் தமிழர்க்கு அண்மைப்படுத்தினார். அதற்கு ஈடாக அம்மண்ணின் தனி முகத்தை ஓரளவு விட்டுக்கொடுத்தார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட பெருங்காப்பியத்தின் வாயிலில் நிகழ்ந்த இப்பேரத்தில் வரவே மிகுதி என்பது நம் முடிபு. ஆயினும் செலவும் உண்டு என்பதனைத் திறனாய்வாளர் மறைத்தல் ஆகாது.

பெயரும் பிழைப்பும்

கொல்லிமலைக்கே மீண்டும் செல்வோம். அங்குள்ள நாடுகளில் வாழும் மக்களின் பெயர் மலையாளி. மலையை ஆள்வோர் என்பது அதன் பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்கள் வழிவழிக் கூற்று, பேசுவது தமிழ். ஆனால் ஏனையோர்க்கு மலையாளி என்றால் கேரளத்தார். ஒரே எழுத்து, ஒரே ஒலி, இரு வேறு மக்கள். நகரத்து அலுவலகம் ஒன்றில் இப்பெயரைச் சொல்லும் மலைவாழ் இளைஞனைப் பார்த்து, 'எந்த ஊர், பாலக்காடா?' என்று கேட்பது எளிது. கேட்கப்படுவோனுக்கு அஃது எளிதன்று.

பழங்குடிப் பட்டியலைத் திருத்திய 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் மலையாளி என்னும் பெயருக்குப் பக்கத்தில் தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டங்கள் குறிக்கப்பட்டன. பொருள் மயக்கத்தை நீக்கச் சட்டத்தார் வைத்த கரீனா அது எனலாம். ஆனால் அக்கரீனாவுக்கு வெளியே, இன்றைய ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் நின்றுவிட்டனர். அதே பெயர், அதே வாழ்வு. மாவட்டக் கோட்டைத் தாண்டியதும் சட்டத்தின் கண்ணில் அச்சொல் பொருளிழந்துவிடுகின்றது. பழங்குடிச் சான்றிதழ் கோரி அம்மக்கள் நெடுங்காலம் முறையிட்டு வந்தனர். ஒரு சொல்லின் பொருளை எவ்வளவுக்கு விரிப்பது, எங்கே சுருக்குவது என்னும் இலக்கண வினா, ஒரு பிள்ளையின் படிப்புக்கு வாயிலாகவும் தடையாகவும் நிற்பதனை இதனினும் தெளிவாக எங்குக் காண முடியும்?

அம்மலையின் விளைச்சலுக்கும் இதே கதிதான். தலைமுறை தலைமுறையாக அங்கே விளைந்த சாமையையும் தினையையும் கேழ்வரகையும் ஆங்கில அரசாங்க வழக்கு 'முரட்டுத் தானியம்' என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தது. காலப்போக்கில் அந்நிலங்கள் பலவற்றில் ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும் மரவள்ளிக் கிழங்கு குடியேறிற்று. விலையும் சந்தையுமே அதற்கு முதற்காரணம். பெயர் மட்டுமே காரணமென்று கூற மாட்டோம். ஆனால் 2018இல் மத்திய அரசு அத்தானியங்களைச் சத்துத் தானியங்கள் என்று பெயர் மாற்றி அறிவித்ததும், 2023ஆம் ஆண்டு உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டதும், பெயருக்கும் மதிப்புக்கும் உள்ள தொடர்பை அரசாங்கங்களும் உணர்ந்தமைக்குச் சான்று. 'கண்ட்ரி' என்று கம்பெனியார் முத்திரையிட்ட அன்று தொடங்கிய இழிவு, இவ்வாறுதான் சிறிது சிறிதாகக் கழுவப்பட வேண்டியுள்ளது.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நாம் வேண்டிக்கொள்வது இதுதான். பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல் கற்பிக்கும்போது, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று இரு கட்டம் போட்ட பட்டியலை மனனம் செய்விக்காதீர்கள். சொல்லை வாக்கியத்தில் வைத்துக் காட்டுங்கள். 'கண்ட்ரி' என்பதற்கு நான்கு வாக்கியம் கொடுத்து, நான்கிலும் தமிழ் என்னவென்று கேளுங்கள். ஓரிடத்தில் தேசம் வரும். ஓரிடத்தில் நாட்டுப்புறம் வரும். ஓரிடத்தில் மக்கள் வரும். ஓரிடத்தில் நாட்டுக்கோழி வரும். பிள்ளை சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ளும். மதரஸாக்களில் மொழிபெயர்க்கும் இளம் ஆலிம்களோ, வதன், பலத், தார், கர்யா முதலிய சொற்களைக் காணும்போது இக்கால அகராதியை மட்டும் நம்பாது, நூல் எழுதப்பட்ட காலத்தையும் துறையையும் பார்த்துத் தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுப்பாராக.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். நாடு என்னும் சொல் தத்தம் ஊர்ப்பகுதியில் ஊர்ப்பெயராகவும், பட்டப்பெயராகவும், பண்டங்களின் அடைமொழியாகவும் எவ்வெவ்வாறு வழங்குகின்றது என்பதனை முதியோரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். அகராதியில் ஏறாத பொருள்கள் நம் வீட்டுத் திண்ணைகளில் இன்னும் பேசப்படுகின்றன. அவற்றைத் தொகுத்து எழுதினால், இன்ஷா அல்லாஹ், அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்து செய்யலாம்.